ரமீஸா போட்ட கொசுறு

கால் கிலோ சென்னாக்குன்னியை, அந்தப் பொடி இறால் கருவாட்டை, நிறுத்து முடித்த அப்துல் கனி மச்சான், எப்போதும் போல இன்னொரு பிடி அள்ளித் தராசுத் தட்டில் போட்டார். அது கொசுறு. கொசுறு விழாமல் எங்கள் கருவாட்டுக் கடையில் யாரும் பையை மூடமாட்டார்கள். பக்கத்தில் நின்றிருந்த என் மகள் ரமீஸா, தட்டுக்குள் கையை விட்டு அந்தப் பிடியை எடுத்துச் சாக்கிலேயே திரும்பப் போட்டாள்.

மச்சான் சிரித்துக்கொண்டு மறுபடியும் போட்டார். அவள் மறுபடியும் எடுத்தாள்.

"இன்னா பாய் இது?" என்றாள் கல்பனா. சிப்காட் கம்பெனி ஒன்றின் கேன்டீனில் சமைப்பவள். ஞாயிறு தவறாமல் வருகிறவள். "நீ குடுக்கற மாரி குடுப்ப, உன் ஊட்டுப் பொண்ணு புடுங்கி உள்ள போட்டுக்குமா? நல்லா செட்டிங் பண்ணி வெச்சிகிறீங்க."

"ஐயோ, அப்டியில்லமா. கொழந்த, வெளையாடுது."

"கொழந்தயா? என் தோளு ஒசரம் கீது!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மூன்றாம் முறை மச்சான் போட்டதும் ரமீஸா இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொண்டு, "முள்ளு! முள்ளு!" என்று அலறினாள். கடையில் இருப்பது எலக்ட்ரானிக் தராசு. அதில் முள்ளே கிடையாது. என்ன முள் என்று அங்கே யாருக்கும் புரியவில்லை, உள்வாசலில் நின்றிருந்த என்னைத் தவிர.

"எனக்கு ஒண்ணியும் வேணாம் போ பாய். இந்த பஜார்ல வேற கடையே இல்லியா?" என்று கல்பனா பையை உதறிக்கொண்டு போய்விட்டாள். அவள் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் போனார்கள்.

மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மச்சான் வீட்டுக்குள் வந்தார். கடைக்குப் பின்னால்தான் வீடு. என் கணவர் ஷாகிருக்கு அண்ணன் அவர். கடையும் குடும்பமும் அவர் பொறுப்பு.

"போதும் ஆபிதா. வேலூர்ப் பக்கம் இந்த மாரி புள்ளைங்க ஹாஸ்டல் ஒண்ணு சொன்னேன்ல, அவங்ககிட்ட பேசிட்டேன். வர்ற ஞாயித்துக்கெழம வண்டி அனுப்பறாங்க. அங்கியே தங்கி இருக்கட்டும். அவளுக்கு ஏத்த எடம்."

"அவளுக்கு ஏத்த எடம் இந்த ஊடுதான் மச்சான்."

"ஊடா இது? மாடிக்குப் போனா காலு வெக்க எடமில்ல. ஒரு மூலையில மணலு, ஒரு மூலையில பைப்பு, வாளி, கல்லு. புள்ளைக்கு ஸ்கூலு நடத்தற. சரி, நடத்து. இப்ப அது கடைக்கு வந்துட்ச்சே! கஸ்டமரு கைலருந்து புடுங்கறா."

"அவ புடுங்கல. நான் சொல்லிக் குடுத்தத செஞ்சா."

"அப்டின்னா தப்பு யாருது?"

என்னுடையதுதான். அதைச் சரிசெய்ய வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டேன். வண்டியை ஒப்புக்கொள்ளவில்லை.

'ஏற்ற இடம்' என்ற சொல்லை நான் ஏற்கனவே கேட்டிருக்கிறேன். ரமீஸா படித்த பள்ளியில் அவளைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்துக் கலர் பென்சில் ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். அவள் பேசுவது நாலைந்து சொல். எழுதச் சொன்னால் பென்சிலை வாயில் வைப்பாள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "இவளுக்கு நம்பர் வரலைங்க. இவளுக்கு ஏத்த இடம் இது இல்ல" என்றார்கள். "எழுத வரல. சரி. நம்பர் வருதான்னு வேற எப்படியாவது பார்த்தீங்களா?" என்று கேட்டேன். வேறு எப்படிப் பார்ப்பது என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். அன்றைக்கே அவள் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வேறு எப்படிப் பார்ப்பது? பரணில் பழைய இரும்புத் தராசு ஒன்று கிடந்தது. அதை இறக்கித் துடைத்து, மாடியில் துணி காயப்போடும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன்.

எலக்ட்ரானிக் தராசின் மேல் எனக்குப் பகை ஏதுமில்லை. கெட்டுப்போன ஒன்றைத் திறந்துகூடப் பார்த்திருக்கிறேன். தட்டுக்கு அடியில் ஒரு அலுமினியக் கட்டை இருக்கும். எடை வைத்தால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். எவ்வளவு வளைந்தது என்பதை மின்சாரம் மோப்பம் பிடித்து எண்ணாகக் காட்டும். அருமையான வேலை. ஆனால் எல்லாம் மூடியின் உள்ளே நடக்கிறது. வெளியே விடை மட்டும் வருகிறது. எண்ணே பிடிபடாத பிள்ளைக்கு அந்த விடையால் என்ன பயன்?

முள் தராசு அப்படியில்லை. இந்தப் பக்கம் கனம் என்றால் இந்தத் தட்டு இறங்கும், அந்தத் தட்டு ஏறும். கோலின் நடுவில் இருக்கும் முள் கனத்த பக்கம் சாயும். இரண்டும் சமமானால் முள் நேராக நிற்கும். எல்லாம் கண்ணெதிரே நடக்கும். ரமீஸா முதல் நாளே அதன் எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் பாடம் வெறும் தராசு. இரண்டு தட்டிலும் எதுவும் இல்லை, முள் நடுவில். "சரி" என்று சொல்லிக் கை தட்டினேன். அவளும் தட்டினாள். அடுத்து ஒரு பக்கம் கல், மறுபக்கம் மணல். முள் நடுவுக்கு வரும்வரை மணலை அள்ளுவதும் கொட்டுவதுமாக இருந்தாள். வந்ததும் கை தட்டினாள். பிறகு எடைக்கற்களைத் துணியால் மூடிவைத்து, துணிக்கடியில் கைவிட்டு எடுக்கச் சொன்னேன். இருநூறும் ஐம்பதும் சேர்த்துக் கட்டிய கால் கிலோ கல்லையும் அரைக் கிலோ கல்லையும் தூக்கிப் பார்த்தே பிரித்தாள். அரைக் கிலோவுக்குச் சமமாகக் கால் கிலோ கல் இரண்டை வைக்க வேண்டும் என்பதை நான் சொல்லவில்லை, அவளே கண்டுபிடித்தாள். பள்ளிக்கூடத்துக்கு வராத நம்பர் எங்கள் மாடிக்கு வந்தது.

மழைக்காலத்தில் கருவாடு காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். அதனால் பழவேற்காட்டிலிருந்து வரும் சரக்கை மாடியில் திரும்பக் காயப்போடுவோம். காலையில் ஒரு கூடைச் சென்னாக்குன்னியைக் கற்களோடு சமமாக நிறுத்து அப்படியே வெயிலில் விட்டோம். மாலையில் பார்த்தால் கூடை மேலே போய்க் கல் கீழே இறங்கியிருந்தது. யாரும் எடுக்கவில்லை, காக்காயும் தொடவில்லை. எடை மட்டும் குறைந்திருந்தது. ரமீஸா கூடையின் அடியைத் தடவினாள். வெயிலைப் பார்த்தாள். பிறகு ஈரத்துணி ஒன்றை எடுத்துவந்து அந்தத் தட்டில் போட்டாள். போன தண்ணீரைத் திருப்பி வைக்கிறாள்! அன்றைக்கு என் மகளிடமிருந்து பார்வையை எடுக்கவே எனக்கு மனம் வரவில்லை.

கடையின் எலக்ட்ரானிக் தராசில் கால் கிலோ கல்லை வைத்தால் என்ன எழுத்து எரியும் என்பதையும் காட்டியிருந்தேன். அவள் அதை எண்ணாக அல்ல, படமாக மனதில் வைத்துக்கொண்டாள். அந்தப் படம் வந்தால் முள் நடுவில் என்று அர்த்தம். அதன் மேல் அவளுடைய பெரியத்தாவான மச்சான் ஒரு பிடி போட்டால் படம் கலைந்துபோகிறது. அதனால்தான் எடுத்தாள்.

இப்போது என் தப்பு என்னவென்று தெரிகிறதா? முள் நடுவில் நின்றால் சரி, சாய்ந்தால் தப்பு. இதைத்தான் தினமும் கை தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஒரு பிடி கொசுறுக்காகச் சண்டை போடும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, கொசுறு இல்லாத நியாயத்தைக் கற்பித்துவிட்டேன்.

ஷாகிர் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலையில் இருக்கிறார். சாப்பாட்டு இடைவேளையில் போன் செய்தார்.

"அண்ணன் சொல்றதுலயும் ஞாயம் கீது ஆபிதா."

"எந்த ஞாயம்? கொசுறு புரியலன்னா புள்ளைய ஊர விட்டு அனுப்பறதா?"

"அதுக்கில்ல. நாளைக்கி நம்ம இல்லன்னா..."

"நாளைக்கி நம்ம இல்லன்னா அவளுக்குக் கை இருக்கும். அந்தக் கைக்குத்தான் வேலை சொல்லிக் குடுத்துக்கினு கீறேன். வண்டி வந்தா நான் ஏத்த மாட்டேன். உங்க அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன், உங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

"ஞாயித்துக்கெழம எனக்கு டூட்டி" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மாடியில் பாடத்தைத் தொடங்கினேன். சென்னாக்குன்னிக்குப் பதிலாகப் பொட்டுக்கடலை. முதலில் தட்டில் கூடுதலாகப் போட்டுப் பார்த்தேன், எடுத்துவிட்டாள். சரி, தட்டில் வேண்டாம், பையில் போடுவோம் என்று, நிறுத்த கடலையைப் பையில் கொட்டிவிட்டு அதன் மேல் ஒரு பிடி போட்டேன். அவள் பையைப் பிடுங்கித் திரும்பத் தட்டில் வைத்தாள். தட்டு இறங்கியது. கூடுதலை எடுத்து எறிந்தாள். "பிரியமாக் குடுக்கறதுமா" என்றேன். அந்த விளக்கம் எனக்கே போதவில்லை.

அவள் ஏன் பையைத் திரும்பக் கேட்கிறாள்? தராசையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. கடலையைப் பையில் கொட்டியதும் ஒரு தட்டு காலி. ஆனால் எடைக்கல் எதிர்த்தட்டில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. முள் கல் பக்கம் சாய்ந்து கிடக்கிறது. அவள் கணக்கில் வேலை இன்னும் முடியவில்லை! முடியாத வேலையில் நான் கொசுறு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்த முறை அவளை வாங்குகிறவளாக உட்காரவைத்தேன். அதுவரை அவள் நிறுத்தவள் மட்டுமே, யாரிடமும் வாங்கியதில்லை. கடலையைச் சமமாக நிறுத்து அவள் பையில் கொட்டினேன். கல்லையும் எடுத்துக் கீழே வைத்தேன். இரண்டு தட்டும் காலி. முள் ஆடி ஆடி நடுவில் வந்து நின்றது. அவளுடைய முதல் பாடம் அது. கை தட்டினாள். உடனே நான் ஒரு பிடி கடலையை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

கையைப் பார்த்தாள். முள்ளைப் பார்த்தாள். முள் அசையவில்லை. இன்னும் ஒருமுறை கையைப் பார்த்துவிட்டுக் கடலையை வாயில் போட்டுக்கொண்டாள்.

தராசின் வேலை முடிந்த பிறகுதான் கையின் வேலை. அவ்வளவுதான் விஷயம். மச்சான் வாடிக்கைக்காரர் கண்ணில் படட்டும் என்று ஓடுகிற தராசிலேயே கொசுறைப் போடுகிறார். அவருக்கு அது வியாபாரம். ரமீஸாவுக்கு அது பாதி வேலையில் கை வைப்பது. அன்று மாலைக்குள் அவளே எனக்கு நிறுத்தாள், கொட்டினாள், கல்லை இறக்கினாள், முள்ளுக்குக் கை தட்டினாள், என் கையில் ஒரு பிடி வைத்தாள். நான் தின்றேனா என்று என் வாயைத் திறந்தும் பார்த்தாள்.

ஆனால் மாடியில் வருவது கடையில் வர வேண்டும். பழைய தராசில் விற்க வேண்டுமென்றால் அரசாங்க முத்திரை வேண்டும். அதைத்தான் மச்சான் முதலில் கேட்பார் என்று தெரியும். அதனால் தராசையும் கற்களையும் சாக்கில் கட்டிக்கொண்டு திருவள்ளூருக்குப் பஸ் ஏறினேன். "இன்னாமா இது, பொணம் கனம் கனக்குது?" என்றார் கண்டக்டர். "ஸ்கூலு" என்றேன். எடையளவு ஆபீசில் சோதித்து, இரண்டு கற்கள் தேய்ந்துவிட்டன என்று தள்ளிவைத்து, மீதிக்கு முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னாக்குன்னிச் சாக்குக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு போட்டுத் தராசைத் தொங்கவிட்டேன். ரமீஸா ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னா பண்ற நீ? முத்திரை இல்லாத தராசு, ஃபைன் போடுவான்."

கல்லைத் திருப்பிக் காட்டினேன். மச்சான் விரலால் தடவிப் பார்த்தார்.

"வண்டி வர்ற நாளு இன்னிக்கி."

"வரட்டும். அதுவரைக்கும் அவ கடைல இருப்பா. அப்பறமும் இருப்பா."

கூட்டம் சேர்ந்துவிட்டதால் அவரால் மேலே பேச முடியவில்லை. கல்பனா வந்தாள். போன வாரம் வேறு கடையில் வாங்கியதில் பாதி மணல் என்று வரும்போதே திட்டிக்கொண்டு வந்தாள். ரமீஸாவைப் பார்த்ததும் நின்றாள்.

"தோ, போலீசு உக்காந்துகினு கீது. பாய், நீயே நிறுத்துக் குடு."

"அவ நிறுப்பா. நீ பாரு" என்றேன்.

ரமீஸா கால் கிலோ கல்லை வைத்தாள். அள்ளிப் போட்டாள், கொஞ்சம் எடுத்தாள், இரண்டு இறாலைத் திரும்ப வைத்தாள். முள் நின்றது. பையில் கொட்டினாள். கல்லை இறக்கினாள். முள் மறுபடி நின்றது. கை தட்டினாள். பிறகு சாக்கில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, கல்பனாவின் பையில் போட்டாள்.

"அட! போடுது!" கல்பனா பைக்குள் எட்டிப் பார்த்தாள். "ஆனா இன்னா இம்மாத்தூண்டு? பாய் கை பெரிசு."

"கை சின்னதுதான். ஆனா குடுத்தத எடுக்காது" என்றேன்.

"அதுஞ்சரி. பாய் போடறப்ப பெரிய கையி, உள்ளங்கைல ஓட்ட, பாதி சாக்குலயே வுழுந்துடும்" என்றாள். வரிசை சிரித்தது. மச்சானும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

அவளுக்கு அடுத்து நின்றவர் இரும்பு உருட்டாலையில் வேலை செய்யும் ஒடிசாக்காரர். எங்கள் கருவாட்டைச் 'சுகுவா' என்று கேட்டு அடிக்கடி வாங்குவார். அவரைப் போல வெளி மாநிலத்திலிருந்து வந்தவர்கள் யாருக்கும் மச்சான் கொசுறு போட்டு நான் பார்த்ததில்லை. அவர்கள் கேட்பதும் இல்லை. ரமீஸா நிறுத்தாள், கொட்டினாள், கல்லை இறக்கினாள், கை தட்டினாள், ஒரு பிடி போட்டாள்.

அவர் பதறிப்போனார். பிள்ளை தெரியாமல் போட்டுவிட்டது என்று நினைத்து, "ஜாஸ்தி, ஜாஸ்தி" என்று அந்தப் பிடியை எடுத்துச் சாக்கில் திரும்பப் போட்டார். ரமீஸா அதை எடுத்து மறுபடியும் அவர் பையில் போட்டாள். அவர் மறுபடியும் எடுத்தார். அவள் மறுபடியும் போட்டாள்.

"வாங்கிக்கோ அண்ணே! லே லோ!" கல்பனா போகாமல் நின்று கத்தினாள். "இந்த ஊரு பழக்கம் அது. வாணாம்னா இது உட்றாது, எனுக்குத் தெரியும்."

அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ரமீஸாவுக்குக் கை தூக்கிக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

மச்சான் என் பக்கம் சாய்ந்தார். "அவனுக்கு எதுக்கு? அவன் கேக்கவேயில்ல. யார் யாருக்குக் குடுக்கணும்னு எனக்குத் தெரியும்."

"அவளுக்குத் தெரியாது மச்சான். நான் சொல்லித் தரவும் மாட்டேன்."

வெயில் ஏறும்போது வண்டி வந்தது. வெள்ளை வேன். டிரைவர் இறங்கி, கையில் இருந்த போனைப் பார்த்தபடி, "அப்துல் கனி பாய் கடை இதானே? பேஷண்ட் ரெடியா?" என்றார்.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் கடைப்படி இறங்கி டிரைவருக்கு எதிரில் நின்றேன்.

"பேஷண்ட் யாரும் இங்க இல்ல."

"ரமீஸான்னு பேரு போட்டுக்கீதே."

"ரமீஸா என் பொண்ணு. தோ, யாவாரம் பண்ணிக்கினு கீறா. வர மாட்டா."

"இன்னிக்கி முடியலன்னா அடுத்த வாரம்..."

"அடுத்த வாரமும் இல்ல. எந்த வாரமும் இல்ல. உங்க ஆபீசுல அவ பேர அடிச்சிடச் சொல்லுங்க."

"நான் பேசி வெச்சது ஆபிதா" என்றார் மச்சான் தாழ்ந்த குரலில். "ஷாகிரும் சரின்னுதான்..."

"அவ சரின்னாளா? நான் சரின்னேனா? தூக்கிப்போட்டு ஏத்தறதுன்னா என்னத் தாண்டித்தான் ஏத்தணும். இத்தினி பேரு முன்னாடி ஏத்துங்க."

கல்பனா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். அவ்வளவு நேரம் அவள் ஏன் போகவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மச்சான் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். டிரைவரைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். கடைசியில், "நீ எங்கருந்து வர்ற தம்பி? வேலூரா? அவ்ளோ தூரம் வந்துட்ட. கருவாடு எதுனா வோணுமா?" என்றார்.

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. "இது இன்னா, சென்னாக்குன்னியா? ஊட்ல கேப்பாங்க. ஒரு அரைக் கிலோ போடுங்க" என்றார்.

மச்சான் பழக்க தோஷத்தில் தானே குனிந்து அள்ளினார். எலக்ட்ரானிக் தராசின் பக்கம் கையைக் கொண்டுபோனவர், ரமீஸாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவளுடைய தட்டில் போட்டார். அவள் அரைக் கிலோ கல்லை வைத்தாள். முள் நின்றது. மச்சான் பையில் கொட்டி, உடனே இன்னொரு பிடியை அள்ளினார். ரமீஸா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி?"

அவள் எதிர்த்தட்டைக் காட்டினாள். கல் இன்னும் அதிலேயே இருந்தது. முள் சாய்ந்து கிடந்தது.

"கல்ல எடுக்கணும் மச்சான்" என்றேன்.

பிடித்த பிடியோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு மற்றக் கையால் கல்லைத் தூக்கிக் கீழே வைத்தார். தட்டு இரண்டும் ஆடின. ஆட்டம் நிற்கும்வரை ரமீஸா அவர் மணிக்கட்டை விடவில்லை. முள் நடுவில் வந்தது. அவள் கையை விட்டுவிட்டுத் தட்டினாள்.

மச்சான் கொசுறைப் போட்டார். அவள் எடுக்கவில்லை.

டிரைவர் பையை முன்சீட்டில் வைத்து வண்டியைத் திருப்பினார். ரமீஸா அடுத்த ஆளின் பையை வாங்கிக்கொண்டிருந்தாள்.